வாள்வால் மீன்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறு எண்ண வேண்டுவதில்லை. வாடகை அறையில் தங்கிப் படிக்கும் மாணவரும், மேசையளவு இடம் கிடைத்தால், இதனைச் செய்யலாம். சென்னையார்க்குக் கொளத்தூர் எப்படியோ, கொல்கத்தாவில் வாழும் நமக்குக் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தை அப்படி. அங்கே குறைந்த விலைக்குக் கிடைப்பதும், எளிதில் குஞ்சு பொரிப்பதும், மரபியலைக் கண்முன் காட்டுவதுமான ஒரு மீனைப் பற்றி இங்கே எழுதுகிறேன். கடைக்காரர் அதனை ‘ஸ்வார்டு டெயில்’ என்பர். நாம் வாள்வால் மீன் என்போம்.

பெயரும் பிறப்பும்

இதன் தாயகம் மெக்சிகோ முதல் ஹோண்டுராஸ் வரையுள்ள நாடுகளின் ஆறுகளும் ஓடைகளும் ஆகும். 1848இல் ஹெக்கல் என்னும் ஆஸ்திரிய அறிஞர் இதற்குச் சிஃபோஃபோரஸ் ஹெல்லெரி என்று பெயரிட்டார். முதற்சொல்லுக்கு ‘வாள் தாங்கி’ என்பது பொருள்; இரண்டாவது, ஹெல்லர் என்ற இயற்கை நூலறிஞரைக் குறிப்பது. இயற்கையில் வாழும் மீன் பசுமை கலந்த நிறமும் பக்கவாட்டில் ஒரு செங்கோடும் உடையது. ஆண் மீனுக்கே வாள் உண்டு. வால்துடுப்பின் கீழ்க்கதிர்கள் நீண்டு வாளாகின்றன. ஆனால், அது போர்க்கருவி அன்று. பெண்ணைக் கவரும் அணிகலனே. டார்வின் 1871இல் வெளியிட்ட நூலிலேயே இம்மீனை எடுத்துக்காட்டினார். 1990இல் பசோலோ என்ற அம்மையார் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. வாளில்லாத உறவினமான பிளாட்டி மீனின் ஆண்களுக்குச் செயற்கை வாளைப் பொருத்தியபோது, அவ்வினத்துப் பெண்கள் அவற்றையே நாடின. வாள் தோன்றுமுன்பே அதன்மேல் விருப்பம் இருந்தது என்று இதனால் அறிகிறோம்.

தொட்டி அமைத்தல்

60 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி போதும். அது ஏறத்தாழ 54 லிட்டர் நீர் கொள்ளும். ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் விடுக. இரண்டு ஆண்களை மட்டும் சிறு தொட்டியில் விட்டால் வலியது மெலியதை ஓயாது துரத்தும். மேலே மூடி கட்டாயம் வேண்டும். இவை துள்ளிக் குதிப்பதில் தேர்ந்தவை.

புதுத் தொட்டியில் நீரூற்றிய அன்றே மீனை விடுவது தகாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறுவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டு அவ்வளவு தீங்கற்றது. இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் மணலிலும் பெருக நான்கு வாரமேனும் ஆகும். ஆகவே, பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு பிடி மணலோ, பயன்பட்ட பஞ்சோ வாங்கி இடுக. முதலில் ஒன்றிரண்டு மீன்களோடு தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுக. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுக.

இம்மீனுக்குச் சற்றுக் கடினமான நீரே ஏற்றது. அமிலத்தன்மை உள்ள நீர் ஆகாது. வெப்பநிலை 24 முதல் 26 பாகை வரை இருப்பது நன்று. நம்மூரில் இதைப் பற்றிக் கவலை இல்லை; இங்கே மார்கழி, தை மாத இரவுகள் நம்மைப் போலவே மீனையும் நடுங்கவைக்கும். 50 வாட் வெப்பமூட்டி ஒன்று அப்போது இன்றியமையாதது. உணவுக்குக் கொசுப்புழு, கடைத் தீனி, வேகவைத்த கீரை ஆகியவற்றை மாற்றி மாற்றி இடுக. இரண்டு மணித்துளியில் தின்று முடிக்கும் அளவே போதும்.

குஞ்சு ஈனுதல்

வாள்வால் மீன் முட்டையிடுவதில்லை. உயிருள்ள குஞ்சுகளை ஈனும். ஆணின் கீழ்த்துடுப்பு குழல்போல் திரிந்து விந்தைச் செலுத்தும் உறுப்பாகிறது. பெண், ஒருமுறை பெற்ற விந்தைப் பல மாதம் உடலுள் சேமித்து வைத்து, ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு ஈனும். கடையில் ‘தனிப் பெண்’ என்று வாங்கி வந்த மீன் மாதந்தோறும் ஈனுவதன் காரணம் இதுவே.

ஓர் ஈற்றில் 20 முதல் 80 குஞ்சுகள் வரை பிறக்கும். பெரிய தாயானால் அதனினும் மிகும். தாயே தன் குஞ்சுகளைத் தின்பது உண்டு. ஹைட்ரில்லா போன்ற செடிகள் அடர்ந்திருந்தால் பல குஞ்சுகள் ஒளிந்து பிழைக்கும். வயிறு பருத்த தாயை வேறு தொட்டிக்கு மாற்றி, ஈன்றபின் எடுத்துவிடுவது இன்னும் பாதுகாப்பானது. குஞ்சுகளுக்கு நாளொன்றுக்கு நான்கு வேளை, பொடியாக்கிய தீனியும், ஆர்ட்டிமியா முட்டையிலிருந்து பொரித்த நுண்ணிய இறால் குஞ்சுகளும் கொடுக்கலாம்.

தேர்ந்தெடுத்தல்

முதலில் வாள் முளைத்த ஆணை மகிழ்ந்து தேர்ந்தெடுப்பது வழக்கம். இது தவறு. ஆண் பருவமடைந்ததும் அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். எப்போது பருவமடைவது என்பதும் பெரும்பாலும் மரபுவழிப்பட்டது. ஆகவே, முந்திப் பழுத்தவற்றையே தேர்ந்தால் தலைமுறைதோறும் மீன் சிறுத்துக்கொண்டே போகும். பிந்திப் பருவமடையும் ஆண்கள் நெடுநாள் பெண்போலவே தோன்றிப் பின்னர் வாள் வளர்ப்பதுண்டு. ‘பெண் ஆணாக மாறியது’ என்று பலர் சொல்லும் செய்தி பெரும்பாலும் இதனால் எழுந்ததே.

யாழ்வால் என்னும் வகையில் எல்லாத் துடுப்புகளும் நீள்கின்றன. ஆணின் இனப்பெருக்க உறுப்பும் நீண்டுவிடுவதால் அது புணர இயலாது. எனவே, யாழ்வால் பெண்ணோடு இயல்பான ஆணைச் சேர்ப்பர். குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி யாழ்வாலாகும். மெண்டலின் கணக்கைத் தாளில் மட்டும் கற்ற நமக்கு அதனைக் குஞ்சுகளாக எண்ணிப் பார்ப்பது தனி இன்பம்.

கரும்புள்ளியின் விலை

இனி, அழகின் மறுபக்கத்தையும் கூறவேண்டும். கடைகளில் விற்கும் சிவப்பும் கருப்புமான வாள்வால்கள் பிளாட்டி மீனோடு கலந்து உண்டானவை. 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மைரன் கார்டனும், ஜெர்மனியில் குர்ட் கோஸ்விக்கும் இக்கலப்பினங்களில் கொடிய தோற்புற்றைக் கண்டனர். புள்ளியுள்ள பிளாட்டியிடம் கருநிறமி அணுக்களைப் பெருகத் தூண்டும் மரபணு ஒன்று உண்டு. 1989இல் ஆய்வாளர் அதனைப் பிரித்தறிந்தனர். அதனை அடக்கிவைக்கும் மற்றொரு மரபுக்கூறும் பிளாட்டியிடம் உண்டு. ஆதலால், பிளாட்டிக்குத் தீங்கில்லை. கலப்பு மீனை மீண்டும் வாள்வாலோடு சேர்த்தால் இவ்விரண்டும் தனித்தனியே பிரிகின்றன. தூண்டுவது கிடைத்து, அடக்குவது கிடைக்காத குஞ்சு சராசரியாக நான்கில் ஒன்று. அதற்கே கொடிய புற்று வருகிறது.

என் தொட்டியில் வாலடியில் மைபோல் கருத்த ஆண் ஒன்று இருக்கிறது. காண்பவர் எல்லாரும் அதனையே புகழ்கின்றனர். ‘அண்ணா, இதன் குஞ்சு எனக்கு இரண்டு தாருங்கள்’ என்று இளைய மாணவர் ஒருவர் கேட்டபோது மறுப்பது எளிதாக இல்லை. கருமை கண்ட மீனெல்லாம் நோயுற்றதன்று. ஆயினும், பெற்றோர் மரபு தெரியாத இதனைப் பசிய வாள்வாலோடு சேர்த்து, எந்தக் குஞ்சுக்குக் கட்டி வரும் என்று காத்திருக்க எனக்கு மனமில்லை. அது தனியே நலமாக வாழ்கிறது. உயிரைப் பெருக்கும் உரிமையை எடுத்துக்கொண்டவர் அதன் நோவுக்கும் பொறுப்பாவார் அன்றோ?

ஒரு வேண்டுகோள்

தேர்வு முடிந்து ஊருக்குப் புறப்படும்போது மீன்களை வளாகக் குளத்தில் விட்டுச் செல்வது அருட்செயல்போலத் தோன்றும். அது அருளன்று. ஹவாய், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் இவ்வாறு புகுந்த வாள்வால்கள் நிலைத்துப் பெருகிவிட்டன. விந்தைச் சேமித்து வைத்திருக்கும் ஒரு பெண் மீனே ஒரு குளத்தை நிரப்பப் போதும். அங்குள்ள நம் நாட்டுச் சிறு மீன்களின் உணவுக்கும் குஞ்சுகளுக்கும் அதனால் கேடு நேரும். ஆகவே, தொட்டி வைக்குமுன்பே, விடுமுறையில் அதனைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அப்படியும் முடியாவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். பொறுமையோடு வளர்ப்பவர்க்கு இச்சிறுமீன் வகுப்பறையில் கிடைக்காத பாடம் பலவற்றைக் கற்பிக்கும்.