பதினொன்றாம் எண் கூண்டு

அன்புள்ள தம்பிக்கு,

கமுதிப் பக்கம் சூரிய மின் நிலையத்தில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று சித்தி சொன்னார்கள். மிகவும் மகிழ்ச்சி. அங்கே 2016-இல் வந்த 648 மெகாவாட் நிலையம் மட்டுமே சுமார் 2,500 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் இன்வெர்ட்டர்களின் அளவீடுகளைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுவருவது ஃபைபரும் ஈதர்நெட் சுவிட்சுகளும்தான். சுவிட்ச் ஒன்று படுத்துவிட்டால் மின் உற்பத்தி நடந்துகொண்டே இருக்கலாம். ஆனால் அந்த மூலையில் என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. வெயிலில் பெட்டி பெட்டியாகப் போய்த் திறந்து பார்க்கவும் முடியாது. சுவிட்சே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

முதலில் கடிகாரத்தைச் சரிசெய். நேரம் தப்பிய சுவிட்சின் பதிவை மற்றொன்றின் பதிவோடு ஒப்பிட்டு, எது முதலில் கெட்டது என்று கண்டுபிடிக்கவே முடியாது. எல்லாச் சுவிட்சுகளும் என்டிபி வழியாக ஒரே இடத்திலிருந்து நேரம் வாங்கட்டும். 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவும் என்டிபி வழி நேர ஒத்திசைவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பதிவுகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்கவும் சொல்கிறது.

பதிவுகளைச் சுவிட்சுக்குள்ளேயே விட்டுவைக்காதே. அதன் நினைவகம் சிறியது. பழையதை அழித்துத்தான் புதியதை எழுதும். பெரும்பாலும் மின்சாரம் போனால் மொத்தமும் போய்விடும். ஆகவே சிஸ்லாக் சர்வர் ஒன்றை வைத்து, ஒவ்வொரு சுவிட்சிலும் அதன் முகவரியைக் கொடு. வழக்கமாக யூடிபி 514-ஆம் போர்ட்டில் போகும்.

அடுத்து, எதையெல்லாம் அனுப்புவது? பாம்பனில் வளர்ந்த உனக்குப் புயல் எச்சரிக்கைக் கூண்டு தெரியும்: பொதுவாக எண் ஏற ஏற ஆபத்து ஏறும். சிஸ்லாக்கில் இது தலைகீழ். 0 என்றால் அவசரநிலை, 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 டீபக். பலர் 3-ஓடு நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு என்பேன். சிஸ்கோ சுவிட்சில் ஒருவர் உள்ளே புகுந்து கான்ஃபிகரேஷனை மாற்றினால் அந்தச் செய்தி 5-ஆம் நிலையில்தான் வரும். நீ தேடப்போவதும் பெரும்பாலும் அதைத்தான். 6 வரை சர்வருக்கு அனுப்பு. நள்ளிரவில் ஆளை எழுப்ப மட்டும் 0 முதல் 3 வரை போதும். 7-ஐப் பழுது பார்க்கும் நேரத்தில் தவிரத் திறக்காதே.

இனி, சுவிட்சின் நிலையைக் கேட்டறிய உதவும் எஸ்என்எம்பி. அதில் மூன்றாம் பதிப்பையே வை, கடவுச்சொல்லோடும் மறையாக்கத்தோடும். பழைய பதிப்பில் கடவுச்சொல் போல வழக்கமாக இருக்கும் ‘பப்ளிக்’ என்ற சொல்லை மாற்றாமல் விட்டால் யாரும் உள்ளே எட்டிப் பார்க்கலாம். போர்ட்களின் போக்குவரத்தை 64 பிட் கவுன்ட்டரில் அள. ஜிகாபிட் இணைப்பு நிரம்பி ஓடினால் 32 பிட் கவுன்ட்டர் 34 விநாடியில் சுற்றித் திரும்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கும் உனக்குப் பொய்க்கணக்குதான் கிடைக்கும். தரவு வழியில் சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழைகளையும் சேர்த்துக் கவனி. நம் கரையோர ஊர்களில் உப்புக்காற்று கனெக்டரை அரிக்கத் தொடங்கினால், இணைப்பு அறுவதற்கு முன்பே அந்த எண் ஏறத் தொடங்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஓர் ஓட்டை இருக்கும். எஸ்என்எம்பி டிராப் என்பது சுவிட்ச் தானாக அனுப்பும் செய்தி. மின்சாரம் சட்டென்று போனால் அதை அனுப்ப அதற்கு உயிர் இருக்காது. அனுப்பினாலும் யூடிபியில் வழியிலேயே தொலையலாம். செய்தி வரவில்லை என்பதால் எல்லாம் நலம் என்று நம்பிவிடாதே. துறைமுகக் கூண்டுகளில் பத்தாம் எண்ணுக்கும் மேலே பதினொன்று இருக்கிறதே, அது எதைச் சொல்கிறது தெரியுமா? வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதை. தொடர்பு அறுந்ததையே எச்சரிக்கையாக ஏற்றிவைத்தவர்கள் கடலை அறிந்தவர்கள். உன் கண்காணிப்பு சர்வரும் ஒவ்வொரு சுவிட்சையும் தானே போய்க் கேட்கட்டும். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் அதுவே முதல்தர அபாயச் செய்தியாக உன் கைபேசிக்கு வரட்டும். வழக்கமாகப் பதிவு அனுப்பும் சுவிட்ச் ஒரு நாள் முழுதும் ஒன்றுமே அனுப்பாவிட்டால், அதற்கும் ஓர் எச்சரிக்கை வை.

மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, இந்த வாரமே ஒரு சுவிட்சின் மின்சாரத்தை நிறுத்திப் பார். உன் கைபேசி எத்தனை நிமிடத்தில் ஒலித்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்