வண்டி போகுமா என்பதல்ல கேள்வி

தேங்கிய தண்ணீரின் முன் வண்டியை நிறுத்தி, ‘போயிடுமா?’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது நம் வழக்கம். ‘போயிடும்’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பல நேரம் போயும் விடும். அந்தத் துணிச்சல்தான் சிக்கல். நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர் கதி என்ன என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும். சமதளத் தெருவில் நின்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நடக்கலாம். சுரங்கப்பாதையில் நின்றால்? 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் சிக்கிய காரில் ஒரு பெண் மருத்துவர் இறந்தார். 2023 மே மாதம் பெங்களூரு கே.ஆர். சர்க்கிளிலும், 2024 செப்டம்பரில் ஃபரிதாபாத்திலும் உயிர் போனது சுரங்கப்பாதையில்தான். ஆகவே சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றாலும், தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினாலும் ஆழம் பார்க்கும் வேலையே வேண்டாம், திரும்பிவிடுங்கள். சென்னையில் கணேசபுரம், துரைசாமி சப்வேக்களைப் பெருமழையில் மூடுவது வாடிக்கை என்பதால், மேம்பாலம் வழியான மாற்றுப் பாதையை வீட்டிலேயே யோசித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

வெறும் ஈரச் சாலைக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. வேகத்தைக் குறைத்தால் பாதி வேலை முடிந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தை 40 ஆக்கினால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். முன்வண்டிக்கும் உங்களுக்கும் நான்கு விநாடி இடைவெளி இருக்கட்டும். டயரின் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் மழைக்கு முன்பே மாற்றுங்கள்; தண்ணீரை வெளியே தள்ள பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களைத் தவிர டயருக்கு வேறு வழியில்லை. ஸ்டியரிங் திடீரென்று லேசானால் டயர் தண்ணீர்ப் படலத்தின் மேல் ஏறிவிட்டது என்று பொருள். சடன் பிரேக் போடாமல், திருப்பாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். இருசக்கர வாகனக்காரர்கள் சாலையில் அடித்த பெயின்ட் கோடுகளின் மேலும் இரும்பு மூடிகளின் மேலும் பிரேக் பிடிக்காமல் இருப்பது நல்லது.

தேங்கிய நீருக்கு வருவோம். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. சிறிய காரின் அடித்தளம் சுமார் ஐந்து சதுர மீட்டர் என்று வைத்தால், தளத்துக்கு மேல் தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏறும்போதெல்லாம் ஏறக்குறைய 500 கிலோ தூக்குவிசை கிடைக்கிறது. அந்தக் காரின் எடையே 900 கிலோதான். தரைக்கும் தளத்துக்கும் உள்ள 17 சென்டிமீட்டரையும் கூட்டினால், 35 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே கார் மிதக்கத் தொடங்கிவிடும். ஆள் நின்றால் அது முழங்காலைக்கூட எட்டாது! கதவு இடுக்குகளில் நீர் புகுந்து காரைக் கீழே அழுத்தும் என்பது உண்மை. அதற்குள் அது உருண்டு பள்ளத்தில் இறங்கியிருக்கும். எனவே நடைபாதைக் கல்லின் மேல்விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் இறங்குங்கள். அதுவே சுமார் 15 சென்டிமீட்டர். கல் இல்லாத தெருவில், முன்னால் நிற்கும் காரின் சக்கர மையத்தின் உயரத்தில் பாதியைத் தண்ணீர் தாண்டாதிருக்க வேண்டும்.

‘என்னுடையது எஸ்யூவி’ என்பார்கள். ஃபரிதாபாத்தில் மூழ்கியதும் எஸ்யூவிதான். உயரம் சில அங்குலங்களைத் தரும், அடித்தளப் பரப்பு கூடுவதால் தூக்குவிசையும் கூடவே ஏறும். ‘முன்னால் பஸ் போச்சே’ என்ற வாதம் இன்னும் மோசம். பஸ்ஸின் எடை பல டன்; அது தள்ளிவிடும் அலை உங்கள் பானெட்டுக்குள் இருக்கும் காற்றுக் குழாய்வரை எழும்பும். பஸ் கடந்து அலை அடங்கிய பிறகே நகருங்கள். ‘இன்ஷூரன்ஸ் இருக்கிறது’ என்பவர்கள் பாலிசியை ஒருமுறை படிக்கட்டும்: தண்ணீர் புகுந்து இன்ஜின் பழுதாவதற்கு வழக்கமாகத் தனிச் சேர்க்கை எடுக்க வேண்டும்.

அளந்து பார்த்து இறங்குகிறீர்கள் என்றால் முதல் கியரில், சீரான ஆக்சிலேட்டரில், நடை வேகத்தில், சாலையின் நடுப்பகுதியைப் பிடித்துச் செல்லுங்கள். மழைநீர் வடிகாலும் திறந்த மூடிகளும் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும். இடையில் கியர் மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். வெளியே வந்ததும் பிரேக்கை லேசாகப் பலமுறை மிதித்து உலர்த்துங்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நடுவில் நின்றுபோனால் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையைக் கைவிடுங்கள். தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. சிலிண்டருக்குள் புகுந்த நீரை பிஸ்டன் அழுத்தப்போனால் கனெக்டிங் ராடு வளையும். மட்டம் ஏறுகிறதென்றால் முதலில் சீட் பெல்ட், உடனே கண்ணாடி, பிறகுதான் மற்றது. அரை மீட்டர் நீர் கதவை வெளியிலிருந்து அழுத்தும் விசை 100 கிலோவைத் தாண்டும் என்பதால் கதவோடு மல்லுக்கட்டாமல் ஜன்னல் வழியே வெளியேறுங்கள். கண்ணாடி இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் சிறு சுத்தியலால் அடியுங்கள். முன்கண்ணாடி இரண்டு அடுக்கு, எளிதில் உடையாது. தண்ணீர் வடிந்தபின் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்து, ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் வண்டியைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.