வெயில் காலத்தில் மலைக்குப் போகும்போது



மலைநாடு என்றால் குளிரும் மழையும் அட்டைக்கடியும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வெயில் என்பது யாழ்ப்பாணத்துக்கும் அனுராதபுரத்துக்கும் உரியது என்ற நினைப்பு நம்மிலும் பலருக்கு உண்டு. பங்குனி மாதம் பகல் பதினொரு மணிக்கு, நிழல் மரம் வெட்டுப்பட்ட மலையில் கூடையோடு நிற்கும் அக்காமாரிடம் கேட்டுப் பாருங்கள், "தலை கொதிக்குது, கண்ணு இருட்டுது" என்பார்கள். இந்த இதழில் அந்த வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் படிப்போம்.

முதலில் காலத்தைத் தெரிந்துகொள்வோம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை மழை குறைவு. இரவில் பனி கொட்டும், பகலில் வெயில் சுடும். ஏப்ரல் மாதம் 5ஆம் திகதி அளவில் தொடங்கி 14, 15 வரை நடுப்பகல் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது. தெற்கே தொடங்கி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வடக்கே நகர்ந்து போகும். பதுளை, பசறை, பண்டாரவளை பக்கத்துக்கு வரட்சி வேறு மாதத்தில். அங்கே ஜூன் முதல் செப்டெம்பர் வரை உலர்காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகம் முழுவதும் பேர் வாங்கித் தரும் மணம் அந்தக் காற்றினால்தான் வருகிறது. ஆனால் கொழுந்து எடுப்பவரின் தொண்டையை வரள வைப்பதும் அதே காற்றுத்தான்.

மேலே போகப் போகக் குளிரும். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6 பாகை குறையும். அதனால் இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை, காலி பக்கத்துக் கீழ்நாட்டுத் தோட்டங்களில் இருக்கும் நம் சனங்களுக்குத்தான் சூட்டின் முழு அடி. மேல்மலைக்காரர் "நமக்கென்ன" என்று இருந்துவிடவும் முடியாது. காற்று குளிர்ச்சியாக இருக்கும்போது வெயில் உறைப்பது தெரியாது. வேர்வை காய்ந்துவிடும், உடம்பில் தண்ணீர் குறைவது தெரியாமலே குறையும்.

தேயிலைச் செடிக்கே இந்தச் சூடு பிடிப்பதில்லை. அதற்கு ஏற்றது 18 முதல் 25 பாகை வரையான சூடு. 30ஐத் தாண்டினால் கொழுந்து வளர்வது மந்தமாகும், மழையும் இல்லையென்றால் அப்படியே நின்றுவிடும். 2015இல் இலங்கையில் சுமார் 32 கோடி 90 இலட்சம் கிலோ தேயிலை கிடைத்தது. 2016இல் அது சுமார் 29 கோடி 20 இலட்சம் கிலோவாக விழுந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் வரட்சி பெரிய காரணம். கொழுந்து இல்லாத மாதத்தில் வேலைநாள் குறைவதும், கடைக்காரரின் கடன் கொப்பியில் பக்கம் கூடுவதும் நமக்குப் புதிதல்ல.

இப்போது உடம்புக்கு வருவோம். நம் உடம்பின் சூடு சாதாரணமாக 37 பாகை. வேலை செய்தால் உள்ளே சூடு பிறக்கும், வெயில் வெளியே இருந்து சுடும். இரண்டையும் தணிப்பது வேர்வை. வேர்வை கொட்டினால் மட்டும் போதாது, அது காய வேண்டும். காயும்போதுதான் உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வேர்வை காயாது, வழிந்து கீழேதான் விழும். துவைத்த துணி மழைக்காலத்தில் காயாமல் கிடக்கிற மாதிரித்தான் இதுவும்.

இதனால்தான் வானிலை அவதான நிலையம் வெறும் வெப்பநிலையை மட்டும் சொல்லாமல், "உடம்பு உணரும் வெப்பம்" என்று ஒரு கணக்கையும் அறிவிக்கிறது. சூட்டையும் ஈரப்பதனையும் சேர்த்துப் போடும் கணக்கு அது. 32 பாகைதான் சூடு, ஆனால் ஈரப்பதன் நூற்றுக்கு 70 என்றால், உடம்புக்கு அது சுமார் 40 பாகை மாதிரி இருக்கும். அந்தக் கணக்கும் நிழலில் நிற்பவருக்குத்தான். நேர் வெயிலில் நிற்பவருக்கு இன்னும் கூடும். ரேடியோவில் "வெப்பம் குறித்து அவதானம்" என்று உங்கள் மாவட்டத்தின் பேர் வந்தால், அது கொழும்பு ஆட்களுக்கான செய்தி என்று திருப்பிவிடாதீர்கள்.

தண்ணீர் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்வது சுலபம். கடும் வெயிலில் வேலை செய்பவர் பதினைந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு கோப்பை குடிக்க வேண்டும், அதாவது மணித்தியாலத்துக்கு முக்கால் லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை. ஒரேயடியாக மடமடவென்று குடிப்பதை விட அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது நல்லது. தாகம் எடுத்த பிறகு குடிப்போம் என்று இருந்தால் அது ஏற்கெனவே பிந்திவிட்டது.

ஆனால் நம் பெண்கள் ஏன் குடிப்பதில்லை? இதை வெளிப்படையாக எழுதத்தான் வேண்டும். மலையில் கக்கூஸ் இல்லை. ஒதுங்க மறைவும் இல்லை. பக்கத்து நிரையில் ஆண்கள் நிற்பார்கள், மேலே ரோட்டில் ஆட்கள் போவார்கள். அதனால் காலையில் ஒரு கோப்பை சாயத்தண்ணியோடு போய், பகல் கொழுந்து நிறுக்கும் வரை வாயை நனைக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர்க் கடுப்பு, அடிவயிற்று வலி, எரிச்சல் என்று டிஸ்பென்சரிக்கு வருகிற பெண்களிடம் விசாரித்தால், முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். நாளாக நாளாக இது சிறுநீரகத்தையே பழுதாக்கும். இது அந்தப் பெண்ணின் பிழையே இல்லை. கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு கக்கூஸும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைப்பதற்குப் பெரிய செலவு இல்லை. மாதர் சங்கமும் தொழிற்சங்கத் தலைவர்மாரும் துரையிடம் கேட்கும்போது, சம்பளத்துக்கு அடுத்ததாக இதையும் கேட்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நலன்புரி உத்தியோகத்தர் மூலம் கேட்கலாம், அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

உங்களுக்குத் தண்ணீர் போதுமா போதாதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது. இளமஞ்சளாக இருந்தால் சரி. கடும் சாயம் மாதிரி இருந்தால் உடம்பு வரண்டு கிடக்கிறது. சாயத்தண்ணி குடிப்பதில் தப்பில்லை, அதுவும் தண்ணீர்தான். தேசிக்காய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சீனியும் போட்டால் இன்னும் நல்லது. கஞ்சித் தண்ணீர், மோர் எல்லாம் நம் அம்மாயிமார் காலத்து மருந்து, கைவிட வேண்டாம். முதல் நாள் இரவு சாராயமோ கசிப்போ குடித்துவிட்டு மறுநாள் வெயிலில் கவ்வாத்துக்குப் போகிற ஆண்களுக்குத்தான் ஆபத்து கூட. மது உடம்பிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. வரட்சியில் கொழுந்து கம்மி. நிறை கம்மியானால் அரைப்பேர் ஆகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் பகல் சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டு, உச்சி வெயிலில் நின்று கைகளை ஓட்டுகிறோம். செடி கொடுக்காததை உடம்பைக் கொடுத்து எடுக்கப் பார்க்கிறோம். கொழுந்து இல்லாத மாதத்தில் நிறையைக் குறைத்துப் போடும் தோட்டங்களும் இருக்கின்றன, போடாத தோட்டங்களும் இருக்கின்றன. வெயிலுக்கு முன்னே, மாசி பிறக்கும்போதே இதைப் பேசித் தீர்த்துவிட வேண்டும்.

வேலையை வெள்ளெனத் தொடங்கி உச்சி வெயிலுக்கு முன்னே முடிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஆறு மணிக்கு மலைக்குப் போக வேண்டுமென்றால் அம்மா மூன்றரைக்கே எழும்ப வேண்டும். ரொட்டி சுட்டு, தண்ணீர் எடுத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்த வேண்டும். பிள்ளைக்காம்பராவையும் அந்த நேரத்துக்குத் திறந்தால்தான் இது நடக்கும். மருந்து அடிக்கும் வேலையைக் கட்டாயம் காலையிலேயே முடித்துவிட வேண்டும். அந்த உடுப்பையும் முகமூடியையும் போட்டுக்கொண்டு பகலில் நிற்பது அடுப்புக்குள் நிற்பது மாதிரி. சூடு தாங்காமல் கழற்றினால் மருந்து உடம்பில் படும்.

இடுப்பில் கட்டும் பொலித்தீன் படங்கு மழைக்குத்தான். வெயில் நாளில் அதை விட்டுச் சாக்குத் துணி கட்டுங்கள். தலைத்துணியை நனைத்துக் கட்டலாம். புதிதாக வேலைக்கு வந்தவர், பிரசவ லீவு முடிந்து வந்தவர், காய்ச்சலில் படுத்து எழும்பியவர் ஆகியோரை முதல் நாளே முழு வெயிலில் முழு நிறை எடுக்க விடாதீர்கள். உடம்பு சூட்டுக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை செல்லும். கங்காணிமார் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்டோரில் காய்ச்சுகிற இடத்தில் நிற்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். அவர்களுக்கு வருஷம் முழுவதும் பங்குனிதான்.

ஆபத்து எப்படி வரும்? முதலில் கெண்டைக்கால் பிடிக்கும், தலைச்சுற்று, வாந்தி வரும், உடம்பு சில்லென்று வேர்த்துக் கொட்டும். அப்போதே நிழலுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, உடுப்பைத் தளர்த்தி, தண்ணீரோ ஜீவனியோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஜீவனிப் பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். அரைப் பைக்கற்று, அரைக் கோப்பை என்று கண்மட்டத்தில் போடாதீர்கள். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கவும் வேண்டாம்.

ஆள் பிதற்றத் தொடங்கினால், கூப்பிட்டால் மாறிப் பதில் சொன்னால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், மயங்கினால் அது வேறு. உடம்பின் சூடு 40 பாகையைத் தாண்டி மூளையைத் தாக்குகிறது என்று அர்த்தம். உடம்பு நெருப்பாகச் சுடும். வேர்வை நின்றும் போகலாம், நிற்காமலும் இருக்கலாம். "வேர்க்குதுதானே, ஒண்ணும் இல்ல" என்று விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். கையில் இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் நனைத்த துணி வையுங்கள். கூடைத் தட்டோ அட்டையோ எதையாவது எடுத்து விசிறுங்கள். பேய் பிடித்தது, கண்ணூறு பட்டது என்று விபூதி தேடிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து. சாமியைக் கும்பிடுங்கள், கும்பிட்டுக்கொண்டே தண்ணீரை ஊற்றுங்கள்.

லயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகரக்கூரை, ஒரு சின்ன ஜன்னல், பக்கத்தில் அடுப்பு. பகலில் தகரம் உறிஞ்சிய சூடு அப்படியே காம்பராவுக்குள் இறங்கும். இந்தியாவில் அகமதாபாத் நகரத்தில் 2010 மே மாதம் 46.8 பாகை வெயில் அடித்து ஏராளமான சனங்கள் செத்த பிறகு, 2013இல் அந்த நகரசபை ஒரு திட்டம் போட்டது. அதில் பிறகு சேர்த்த ஒன்று, ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், உள்ளே சூடு குறையும். நம் மழைக்குச் சுண்ணாம்பு நிற்காது, வருஷம் ஒரு தரம் தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கூரையையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய தகரத்தின் மேல் ஏறும்போது கவனம். ஆணி அடித்த வரிசையில் மட்டும் கால் வைக்க வேண்டும். கூரைக்குக் கீழே உரச்சாக்கு கட்டுவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. அடுப்புப் பொறி பட்டால் ஒரு லயமே போய்விடும்.

பகலில் லயத்தில் இருப்பது யார்? பென்சன் எடுத்த தாத்தா அம்மாயிமாரும் கைக்குழந்தைகளும்தான். வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பதே குறைந்துவிடும், அதனால் கேட்காமலே கொடுக்க வேண்டும். பிரஷருக்குக் குளிசை குடிப்பவர்களுக்குச் சில குளிசைகள் தண்ணீரை அதிகம் வெளியேற்றும். தானாக நிறுத்தாமல் கிளினிக்கில் கேளுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர் வேண்டாம். வெயில் நாளில் அடிக்கடி பால் கொடுத்தால் போதும். அதற்குத் தாய் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து போக நேரம் கிடைக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் கடும் சூட்டில் நின்றால் குறைமாதப் பிரசவமும் நிறை குறைந்த பிள்ளையும் வர இடமுண்டு. மாதம் மறைக்காமல் குடும்பநல மாதுவிடம் சொல்லி இலேசான வேலை கேளுங்கள். பாடசாலை விளையாட்டுப் போட்டிக் காலமும் இந்த வெயிலோடுதான் வருகிறது. 2024இல் கல்வி அமைச்சே வெளியே நடத்தும் விளையாட்டுகளைக் குறைக்கும்படி பாடசாலைகளுக்கு அறிவித்தது. காலைச் சாப்பாடு இல்லாமல் பிள்ளையை ஓட அனுப்பாதீர்கள்.

பீலித் தண்ணீர் வற்றும் நாளில் எங்கோ ஓடையில் எடுக்கிறோம். ஆற்றி வடித்தால் போதாது, கொதிக்க வைக்க வேண்டும். செங்கமாரியும் நெருப்புக் காய்ச்சலும் வருவது அங்கேயிருந்துதான். பீப்பாயில் தண்ணீர் சேர்த்தால் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு முட்டையிடும். மானாப்புல்லுக்கு நெருப்பு வைப்பவர்களைக் கண்டால் உடனே சொல்லுங்கள். எரிந்த மலையில் நீரூற்று திரும்புவது கஷ்டம்.

கடைசியாக, அம்புலன்ஸ். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் காசில்லாமல் வரும். ஆனால் மேல்மலைக்கு அம்புலன்ஸ் ஏறாது. அதனால் அடிக்கும்போது தோட்டத்தின் பேர், டிவிசன், எந்தச் சந்தியில் காத்திருப்போம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நோயாளியைக் கொழுந்து லொறியில் அந்தச் சந்திக்கு இறக்குங்கள், இறக்கும் வழியிலும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம். சிக்னல் கிடைக்கும் இடம் எது, லொறிச் சாரதியின் போன் இலக்கம் என்ன என்பதை ஒவ்வொரு கொழுந்து மடுவத்திலும் ஒரு தகரத்தில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டும்படி கங்காணிமாரைக் கேட்டிருக்கிறோம். உங்கள் மடுவத்தில் இன்னும் மாட்டவில்லை என்றால் வந்து சொல்லுங்கள், பெயின்ட் எங்களிடம் இருக்கிறது.