கரிசல் வெயிலும் வீட்டு மருந்துகளும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களிலிருந்து எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பெரியவர்கள் பலர், தங்கள் மருந்துகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவருகின்றனர். அந்தப் பையை மேசையில் கவிழ்த்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். மருந்துச் சீட்டைவிட அந்தப் பை எங்களுக்கு அதிகம் கூறும். பாதியாக வெட்டப்பட்ட மாத்திரை அட்டைகள், பெயர் அழிந்த குப்பி, பேரனுக்கு எப்போதோ வாங்கிய இருமல் மருந்து, ஒரே மருந்து இரண்டு பெயர்களில் என எல்லாம் அதற்குள் இருக்கும். எழுதிக் கொடுத்த மருந்து உடலுக்குள் செல்லும்வரை வீரியம் குறையாமல் இருக்கவேண்டுமானால், அது வீட்டில் எங்கே, எப்படி இருக்கிறது என்பதை நாம் கவனித்தாக வேண்டும்.

பெரும்பாலான மாத்திரை அட்டைகளில் ‘30 டிகிரி செல்சியசுக்கு மிகாத வெப்பத்தில் வைக்கவும்’ என்று அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றில் 25 டிகிரி என்றும் இருக்கும். நம் கரிசல் காட்டில் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 38 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. தகரக் கூரைக்கும் சிமெண்ட் அட்டைக் கூரைக்கும் அடியில் நண்பகலில் வெப்பம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாம் கெட்டுப்போயின என்று எவரும் அஞ்ச வேண்டாம். மாத்திரைகளைச் சந்தைக்கு அனுப்பும் முன் 40 டிகிரி வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் 6 மாதம் வைத்துச் சோதிக்கும் முறை உண்டு. அட்டை பிரியாமல் இருக்கும் சாதாரண மாத்திரை, சில நாள் வெயிலைத் தாங்கிக்கொள்ளும். ஆண்டு முழுவதும் அதே சூட்டில் கிடப்பதுதான் தவறு.

ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. அடுப்படி அலமாரி, குளியலறை மாடம், தொலைக்காட்சிப் பெட்டியின் மேற்புறம், மேற்கு வெயில் விழும் சன்னல் திண்டு, இருசக்கர வண்டியின் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டி ஆகியவை மருந்துக்கு ஆகா. நெசவாளர் வீடுகளில் தறிக்குழி குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆயினும் அங்குள்ள ஈரம் மாத்திரைக்குப் பகை. வெயில் படாத உள்சுவரை ஒட்டி, கூரைக்கு மிக அருகில் இல்லாமல், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டக்கூடிய ஒரு மரப்பெட்டியோ மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியோ இருந்தால் போதும். அதற்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை.

இன்சுலினைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். வெயில் கெடுக்கும் மருந்துகளில் நம் பகுதியில் மிகுதியாகப் புழங்குவது இதுதான்.

திறக்காத இன்சுலின் குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டி இருக்கும் வீடுகளில் அதன் நடுத்தட்டில் வைப்பது நல்லது. கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறும். உறைபெட்டியை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகியபின் பார்வைக்கு முன்போலவே இருந்தாலும், அதைப் பயன்படுத்தக்கூடாது. மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் பெட்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. இன்சுலின் உள்ள வீட்டில் அது வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் குளிர் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும்.

பயன்பாட்டில் உள்ள குப்பியைக் குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே, வெப்பம் மிகாத இடத்தில், பெரும்பாலான வகைகளில் 28 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். குப்பியின் பெட்டியில் வேறு நாள்கணக்கு அச்சிட்டிருந்தால் அதையே கொள்க. திறந்த தேதியைக் குப்பியின் மேல் பேனாவால் எழுதிவைப்பது அவசியம். இங்கே ஒரு கணக்கு இடர்ப்படுத்துகிறது. நம் ஊரில் வழங்கும் 10 மி.லி. குப்பியில் மி.லி.க்கு 40 யூனிட் வீதம் 400 யூனிட் இருக்கும். நாளொன்றுக்கு 20 யூனிட் போடுபவருக்கு அது 20 நாளில் தீர்ந்துவிடும். 10 யூனிட் மட்டும் போடுபவருக்கு 28ஆம் நாளில் 120 யூனிட் மீந்து நிற்கும். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. அந்த மிச்சத்தில்தான் சர்க்கரை ஏறத் தொடங்குகிறது.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் என்ன செய்வது? நம் பாட்டிமார் தண்ணீரைக் குளிர்வித்த வழியே இதற்கும் உதவும். ஒரு பெரிய மண்பானைக்குள் ஆற்றுமணலைப் பரப்பி, நடுவில் ஒரு சிறிய மண்பானையை வைக்க வேண்டும். மணலைக் காலையும் மாலையும் நனைத்து, வாயை ஈரத்துணியால் மூடி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். குப்பியை இறுக்கமான மூடியுள்ள சிறு டப்பாவில் இட்டுச் சிறிய பானைக்குள் வைத்தால் நீர் படாது. பானையின் புறத்தே நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு நன்றாகப் பானை குளிரும். வறட்சியால் நமக்கு வாய்த்த சில நன்மைகளுள் இதுவும் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் பானை அவ்வளவாகக் குளிராது. அப்போது வெயிலும் தணிந்திருக்கும்.

இது வெறும் கைவைத்தியப் பேச்சன்று. வெப்ப நாடுகளில் பயன்படும் மண்பானைகளையும் அதுபோன்ற சாதனங்களையும் ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் கென்யாவின் டாடாப் அகதிகள் முகாமின் தட்பவெப்பத்தை அடிப்படையாகக் கொண்டு செய்த ஆய்வு 2021இல் வெளியாயிற்று. 25க்கும் 37க்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் 4 வாரம் வைத்த இன்சுலின் குப்பிகள் வீரியம் இழக்கவில்லை என்று அது கண்டறிந்தது. 37 டிகிரிதான் அந்தச் சோதனையின் மேல்வரம்பு என்பதை மறக்கலாகாது. தகரக் கூரைக்கு அடியில் உள்ள அலமாரி அந்த வரம்பைத் தாண்டிவிடும். பானையை 2 முதல் 8 டிகிரி குளிருக்கு இணையாகவும் கருத வேண்டாம். பெட்டி இல்லாத வீட்டினர் ஒரு நேரத்தில் ஒரு குப்பி மட்டும் வாங்குவதே சரி.

திருச்சுழிப் பக்கத்து அம்மா ஒருவருக்குக் கோடையில் சர்க்கரை 380ஐத் தொட்டது. ஊசியை அவர் தவறவிடவில்லை; சர்க்கரை ஏற ஏற அளவையும் தாமாகவே கூட்டிக்கொண்டிருந்தார். குப்பி இருந்த இடம் அடுப்புக்கு மேலுள்ள பலகை. கெட்டுப்போன இன்சுலின் சர்க்கரையைக் குறைக்காது என்பதோடு இதன் ஆபத்து முடிவதில்லை. கூட்டிய அளவிலேயே புதுக் குப்பியிலிருந்து போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி நினைவு தப்பலாம். எனவே குப்பி வெயிலில் கெட்டுவிட்டது என்று ஐயம் தோன்றினால், புதியதை வாங்கியவுடன் எங்களிடமோ அருகிலுள்ள மருத்துவரிடமோ அளவைக் கேட்டுக்கொண்டே தொடங்குங்கள். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலும், பால்போல் இருக்க வேண்டியது உருட்டிய பின்னும் திரிதிரியாக நின்றாலும் அதைப் போடலாகாது.

மாத்திரைகளில் சிலவற்றுக்குத் தனிக் கவனம் தேவை. தைராய்டு மாத்திரை வெளிச்சம், ஈரம், சூடு மூன்றுக்கும் அஞ்சும். அதன் குப்பியிலேயே இருக்கட்டும். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் மாத்திரை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழையும். விழுங்கும் நேரத்தில் மட்டுமே அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைத் தனியே பிரித்து, வெற்றிலை சுண்ணாம்போடு சுருக்குப்பையில் முடிந்துவைக்கும் பாட்டிமார் இங்கு மிகுதி. அவசரத்துக்குக் கையில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் சரியே. அட்டையோடு வெட்டி ஒரு சிறு டப்பாவில் இட்டு அதே பையில் வைத்துக்கொள்ளலாம். அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி அச்சிட்ட ஓரத்தைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். குழந்தைக்கான பொடி மருந்தைக் காய்ச்சி ஆறிய நீரில் கலக்கிய பின், அதன் ஆயுள் நாட்கணக்கில்தான்; அமாக்சிசிலின்–கிளாவுலனேட் போன்றவற்றைக் குளிரில் வைத்து 7 நாளுக்குள் முடிக்க வேண்டும். கண் சொட்டு மருந்தைத் திறந்து ஒரு மாதம் ஆனால் கொட்டிவிடலாம்.

ஒரே மருந்து இரு பெயர்களில் இருப்பதைக் குறிப்பிட்டோம். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. அது பெரும் உதவி. அதே நோயாளி நகரத்துத் தனியார் மருத்துவரையும் பார்க்கும்போது, அங்கே மெட்பார்மின் என்ற பெயரில் வந்தது இங்கே கிளைகோமெட் என்ற பெயரில் வரும். பெயர் வேறு, மருந்து ஒன்று. இரண்டையும் விழுங்கினால் அளவு இரட்டிக்கிறது. கிளிமிபிரைடு கலந்த மாத்திரையில் இவ்வாறு நேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயருக்கு அருகே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கத் தெரிந்த ஒருவர், மாதம் ஒருமுறை பெட்டியிலுள்ள அட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பத்தாம் வகுப்புப் பேத்தியால் இது முடியும்.

நம் வட்டாரத்தில் பூச்சிக்கொல்லிக்கும் ‘மருந்து’ என்றே பெயர். பருத்திக்கு மருந்து அடிக்கிறோம், மல்லிகைக்கு மருந்து அடிக்கிறோம், மனம் உடைந்தவர் ‘மருந்தைக் குடித்துவிட்டார்’ என்கிறோம். சொல் ஒன்றாக இருப்பதால்தானோ என்னவோ, இரண்டும் ஒரே பரணில் குடியிருக்கின்றன. இரும்பலும் காய்ச்சலும் வந்த இரவில், விளக்கு மங்கிய வீட்டில், கைக்கு அகப்பட்ட பழுப்புக் குப்பியை ஒருவர் எடுப்பது எளிது. வயலுக்கான நஞ்சையும் ஆடுமாடுகளுக்கான குடற்புழு மருந்தையும் வீட்டுக்கு வெளியே பூட்டிய இடத்தில்தான் வைக்க வேண்டும். குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைப்பது ஒருபோதும் கூடாது. வீட்டில் எவரேனும் மனச்சோர்வில் இருந்தால் மாத்திரைப் பெட்டியின் சாவியும் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை நாங்கள் மிக அஞ்சுவது, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை. பார்ப்பதற்கு மிட்டாயேதான். ஒரு மாத்திரையில் 60 மி.கி. இரும்பு உள்ளது. 10 கிலோ எடையுள்ள குழந்தை பத்து மாத்திரையை விழுங்கினால் கிலோவுக்கு 60 மி.கி. ஆகிறது, அது உயிருக்கே ஆபத்தான அளவு. அதற்கும் குறைவான மாத்திரைகளே குழந்தையை வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் தள்ளும். இந்த நஞ்சில் ஒரு சூழ்ச்சி உண்டு. முதலில் வாந்தி எடுக்கும் குழந்தை, சில மணி நேரத்தில் தேறியதுபோல் விளையாடத் தொடங்கும். பிறகே கல்லீரலும் இரத்த ஓட்டமும் சீர்குலையும். தேறிவிட்டது என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். தாத்தாவின் சர்க்கரை மாத்திரையைக் குழந்தை ஒன்றே ஒன்று விழுங்கியிருந்தாலும் இதே விதிதான். விரலை விட்டு வாந்தி எடுக்கச் செய்யாமல், உப்புக்கரைசலும் புகட்டாமல், 108ஐ அழைத்து, எஞ்சிய அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். எத்தனை குறைகிறது என்று எண்ண அந்த அட்டையே உதவும்.

காலாவதியானவற்றைக் கண்மாயிலோ சாக்கடையிலோ கொட்ட வேண்டாம். கேரள அரசு, வீடுகளில் மீந்த மருந்துகளைத் திரட்டும் திட்டத்தை 2025இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. நம் பகுதியில் அவ்வாறு ஏற்பாடு அமையும்வரை, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து மண்ணோடும் பயன்படுத்திய தேயிலைத்தூளோடும் கலந்து, கட்டிய பையில் குப்பையோடு அனுப்பலாம். அட்டையிலும் சீட்டிலும் உள்ள பெயரை அழித்துவிடுங்கள். இன்சுலின் ஊசிகளை மட்டும் குப்பையில் போடாமல், கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து மூடி, அடுத்த முறை வரும்போது எங்கள் ஊசி அறையில் கொடுத்துவிடுங்கள்.