கேட்பது உரிமை, சொல்வது கடமை

கடையை மூடுமுன் முதலாளி கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு அன்றைய வரவு செலவைக் கேட்கிறார். கேட்டதனால் அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டதாகுமா? ஆகாது. கணக்கு நேராக இருப்பதற்கே கேள்வி. நாட்டுக் காரியமும் அத்தகையதே.

மார்க்கமறிந்த நமக்கு இது புதிதன்று. எல்லோருக்கும் ஒரே அளவுத் துணி பங்கிடப்பட்டிருக்க, தங்கள் அங்கி மட்டும் நீண்டிருப்பது எப்படி என்று கலீபா உமர் (ரலி) அவர்களைச் சபையிலேயே ஒருவர் கேட்டதாக வரலாறு கூறுகிறது. கலீபா சினக்கவில்லை. தம் பங்கைத் தந்தையாருக்குக் கொடுத்த செய்தியை மகனார் அப்துல்லாஹ்வைக் கொண்டே எல்லோரும் அறியச் சொல்ல வைத்தார்கள்.

மலேசிய மக்களவையில் அங்கத்தினர்கள் 222 பேர். மந்திரிகளிடம் வாய்மொழிக் கேள்விகளும் எழுத்துக் கேள்விகளும் கேட்க அவர்களுக்கு உரிமையுண்டு. பிரதமரே நேரில் விடையளிக்கும் கேள்வி நேரம் செவ்வாய்க்கிழமைக்கென 2023-ல் ஏற்படுத்தப்பட்டது. பிரிட்டனில் இதற்குத் தனி நேரம் 1961 முதலே உண்டு.

முதற்கேள்விக்கு விடை முன்கூட்டியே எழுதப்பட்டு வரும். அதைத் தொடர்ந்து எழும் துணைக்கேள்வியில்தான் மந்திரி தம் இலாகாவை அறிந்தவரா என்பது வெளிப்படும்.

கேள்வியின் வலிமைக்கு இந்தியாவில் ஒரு சான்று. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் பணத்தில் முந்த்ரா என்பவரின் கம்பெனிப் பங்குகள் வாங்கப்பட்டது பற்றி 1957-ல் லோக்சபையில் கேள்வி எழுந்தது. விடாது வாதாடிய பெரோஸ் காந்தி எதிர்க்கட்சிக்காரர் அல்லர். பிரதமர் நேருவின் சொந்த மருமகன்! நீதிபதி சாக்ளா விசாரித்தார். நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

சபை கூடாவிட்டால் கேள்வியும் இல்லை. 1969 மே கலவரத்திற்குப் பின் நம் பார்லிமெண்ட் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. 2021 ஜனவரியில் அவசரகாலம் பிரகடனமானபின், ஜூலை 26 வரை மக்களவை கூடவில்லை. நோயும் கடையடைப்பும் வணிகரை வாட்டிய அம்மாதங்களில், நமக்காக எழுந்து கேட்க அச்சபையில் ஒருவருக்கும் வழியில்லை.

ஆகவே வணிகப் பெருமக்களே, நாம் செய்யத்தக்கது யாது? அன்னியத் தொழிலாளர் பெர்மிட்டானாலும், லைசென்ஸானாலும், சரக்கு விலையானாலும், தேநீர் மேசையில் குறைகூறிக் கலைந்தால் பயனில்லை. மஸ்ஜித் இந்தியாவிலோ, பிரிக்பீல்ட்ஸிலோ, கிள்ளானிலோ கடை வைத்திருப்போர் ஒன்றுகூடி, நாள், தொகை, இலாகா ஆகிய விவரங்களுடன் குறையை ஒரே கேள்வியாக எழுதுங்கள். கூட்டத்தொடருக்குப் பல வாரங்கள் முன்னதாகவே தொகுதி அங்கத்தினரிடம் சேர்ப்பியுங்கள். மந்திரி சொல்லும் விடை சபைக்குறிப்பில் பதிவாகும். அதைப் படித்து, சொன்னது நடந்ததா என்று அடுத்த கூட்டத்தில் மீண்டும் கேட்கச் செய்யுங்கள்.

பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தும் வணிகனுக்கு, அரசாங்கம் சபையில் தந்த வாக்கும் ஒரு பற்றுச்சீட்டே.