செள்ளா, பேனா, இரைப்பைக் கட்டா? நாட்டுக்கோழிக்கு எது சரியான வைத்தியம்

அடையில் உட்கார்ந்த கோழி பாதியில் எழுந்து ஓடினால், மருந்துக் கடைக்குப் போகுமுன் டார்ச் லைட்டை எடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் பஞ்சாரத்தின் பின்னலையும் கூட்டுக் கம்பின் இடுக்குகளையும் வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். ரத்தக் கீற்று விழுந்தால் அது செள்ளு. பகலில் இடுக்கில் ஒளிந்து, இரவில் கோழி மேல் ஏறிக் குடிக்கும். ஆசனவாயைச் சுற்றி இறகைப் பிரித்ததும் வைக்கோல் நிறத்தில் ஓடுவதும், இறகடியில் கொத்துக் கொத்தாக முட்டையும் தெரிந்தால் பேன். அது கோழியை விட்டு இறங்காது. பகலிலும் இறகோடு அப்பிக் கிடக்கிற செள்ளு வகை ஒன்றும் உண்டு. அதற்குப் பேனுக்குச் செய்வதையே செய்யலாம்.

இடுக்குச் செள்ளுக்கு வைத்தியம் முதலில் கூட்டுக்குத்தான். கோழிக்கு மட்டும் மருந்து தடவினால் பணம் போகும், செள்ளு போகாது. பழைய வைக்கோலை அள்ளி அப்புறப்படுத்துங்கள். சுவரில் சுண்ணாம்பு அடித்து, கம்பின் முனைகளில் வேப்பெண்ணெய் பூசுங்கள். நம் வெயிலில் செள்ளு முட்டையிலிருந்து வளர்ந்து முட்டையிட ஏழெட்டு நாள் போதும். அதனால் வாரம் கழித்து மறுபடியும் செய்தே ஆகவேண்டும். கோழியைச் சில வாரம் வேறிடத்தில் அடைத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். இரையே இல்லாமல் அது பல மாதம் உயிரோடு கிடக்கும்.

பேனுக்குச் சாம்பலும் மணலும் கலந்த குழி நல்லது. கரிசல் மண் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மழை படாத கூரையடியில் வையுங்கள். வேப்பிலை, வசம்பு, மஞ்சள், பூண்டு அரைத்த சாறு லேசான தொல்லைக்குப் போதும். கொண்டை வெளுத்து, கோழி சோர்ந்துவிட்டால் மூலிகையை நம்பி நாள் கடத்தாமல் டெல்டாமெத்ரின் போன்ற மருந்துக்குப் போகலாம். அளவையும், எத்தனை நாள் முட்டை தின்னக் கூடாது என்பதையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கால் செதில் தூக்கிச் சொரசொரத்தால் அது வேறு பூச்சி. வெந்நீரில் காலை ஊறவைத்து, தேங்காயெண்ணெயைச் செதிலுக்குள் இறங்கும்படி வாரக்கணக்கில் தடவ வேண்டும். மண்ணெண்ணெய் வேண்டாம், தோல் வெந்துவிடும்.

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர்க்காரர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கந்தகம் செள்ளுக்குப் பழைய மருந்துதான். ஆனால் பட்டாசு வேலையில் மிஞ்சிய தூள் வெறும் கந்தகம் அல்ல. அதில் வெடியுப்பும் அலுமினியத் தூளும் இருக்கும். உச்ச நீதிமன்றம் 2018-ல் தடுத்த பேரியம் உப்பும் இருக்கலாம். பேரியம் நஞ்சு. கலவையோ உரசினாலே பற்றும். பண்ணைகளில் ஃபிளேம் கன்னால் கூட்டைச் சுடுவதைப் பார்த்து, பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிற வீட்டில் அதைச் செய்யவே கூடாது.

அந்த வீடுகளில் இரைப்பைக் கட்டுக்கும் வழியுண்டு. நூல், திரித் துண்டு, காகிதம் எதையும் கோழி கொத்தும். காலையில் இரை போடுமுன் தொட்டுப் பாருங்கள். இரைப்பை காலியாக இருக்க வேண்டும். கல்லாக இருந்தால் இரையை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்து, அலகோரத்தில் சில சொட்டு எண்ணெய் விட்டு, மெல்லப் பிசைந்து விடுங்கள். தண்ணீர்ப்பையாகத் தளும்பிப் புளித்த வாடை அடித்தால் பிசைய வேண்டாம், தலைகீழாகப் பிடித்துக் கக்கவும் வைக்காதீர்கள். மூச்சுக்குழலில் இறங்கினால் கோழி அங்கேயே சாகும். அது பூஞ்சைத் தொல்லை, மருத்துவர்தான் மருந்து தர வேண்டும்.

இரைப்பையை பிளேடால் கீறி, அடைத்ததை எடுத்துத் தைத்துக் கோழியைப் பிழைக்க வைத்த ஆச்சிகள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனாலும் ஓரிரு நாளில் கரையாத கட்டுக்கு மருத்துவமனையையே தேர்ந்தெடுப்பேன். இரைப்பையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைக்க வேண்டும்; சேர்த்துத் தைத்தால் கசியும். மரத்துப்போக மருந்தும் அங்கேதான் உண்டு.

ஒரே நாளில் நாலைந்து கோழிக்கு இரைப்பை தளும்பி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகினால் வெள்ளைக்கழிச்சல் என்று சந்தேகப்படுங்கள். எண்ணெயும் பிசைதலும் அதற்கு உதவாது. நோய்க் கோழியைப் பிரித்து அடைத்துவிட்டு கால்நடை உதவி எண் 1962-க்குப் பேசுங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு மிச்சக் கோழிகளைத் தவறாமல் கொண்டுபோங்கள்.