இரும்புக் கடையும் வாரிசுப் பங்கும்

கடாரத்து மண்ணுக்கு இரும்பு புதிய சரக்கன்று. சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வில் பழங்கால இரும்பு உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. இன்று அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, கூலிம் பட்டணங்களில் நம்மவர் சிலர் கம்பி, தகடு, குழாய் விற்கின்றனர். வெல்டிங் பட்டறை வைத்துத் தோட்டங்களுக்குக் கேட்டும் ஆலைகளுக்குக் கூரைச் சட்டமும் செய்து கொடுக்கின்றனர். பழைய இரும்பு எடுப்போரும் உண்டு. தொழில் நடக்கத்தான் செய்கிறது. முதலாளி மவுத்தான பிறகு அது என்ன ஆகிறது என்பதே நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

பக்கத்துப் பினாங்கில் ஒரு சீனக் குடும்பத்தின் வரலாற்றைப் பார்ப்போம். யுத்தம் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், ஆன் ஜூ என்னும் பெயரில் அவர்கள் இரும்புச் சாமானும் பழைய இரும்பும் வாங்கி விற்கத் தொடங்கினர். பின்னர் பிறையில், ஜப்பானின் யவாத்தா கம்பெனியுடைய கூட்டில் மலாயவாத்தா உருக்காலை எழுந்து, 1967-இல் வேலை தொடங்கிற்று. அங்கே ரப்பர் மரக் கரியைக் கொண்டு இரும்பு உருக்கினார்கள். பால் வற்றிச் சாய்த்த மரமும் உலைக்கு உதவிற்று என்பது, தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இனிக்கும் செய்தியன்றோ! ஆன் ஜூ 1996-இல் கோலாலம்பூர் பங்குச் சந்தையில் ஏறியது. 2000-க்குப் பின் அந்த மலாயவாத்தாவே அவர்கள் கைக்கு வந்து, ஆன் ஜூ ஸ்டீல் எனப் பெயர் மாறியது.

அவர்களிடம் முதல் இருந்தது, நம்மிடம் இல்லை என்பார் சிலர். அது பாதி உண்மை. தொழில் ஒருவருடைய பெயரில் நிற்காமல் கம்பெனியின் பெயரில் நின்றது என்பது மற்றப் பாதி. ஆள் போனாலும் கம்பெனி போவதில்லை. பங்குகள் மட்டுமே கை மாறும்.

நம் கடைகளிலோ பெரும்பாலும் எல்லாம் வாப்பாவின் பெயரில். அவர் கண்ணை மூடியதும் பேங்குக் கணக்கு முடங்கிவிடும். கூட்டு வியாபாரமானால், 1961-ஆம் ஆண்டின் கூட்டு வியாபாரச் சட்டப்படி, வேறு உடன்படிக்கை இல்லாதபோது ஒரு பங்காளியின் மரணத்தோடு கூட்டே கலைந்துவிடும்.

இதற்கு ஷரீஅத்தின் பாகப்பிரிவினையைக் குறை கூறுவது தவறு. அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக மிஞ்சியதில் மனைவிக்கு 8-இல் 1. பெற்றோர் முன்பே காலமாகியிருந்தால், எஞ்சியது முழுவதும் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற வீதத்தில் பிள்ளைகளுக்கு. கணக்கு தெளிவானதே. ஆனால் தகடு வெட்டும் இயந்திரத்தை எட்டாக வெட்ட முடியுமா? அதுவே 1,000 பங்குள்ள கம்பெனியானால், தாயாருக்கு 125, இரு மகன்களுக்கும் தலைக்கு 350, மகளுக்கு 175 என்று ஒரு நொடியில் எழுதிவிடலாம்.

நமக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் மூத்த மகன் 18 ஆண்டுகள் வாப்பாவோடு நெருப்பில் நின்றவர். அவர் சம்பளக்காரரா, பங்காளியா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பங்காளியானால் அவருடைய பாகம் வாப்பாவின் சொத்திலேயே சேராது. தம்பியும் தங்கையும் ஆதாரம் கேட்டனர். கேட்டதிலும் நியாயம் உண்டு. வழக்கு முடிவதற்குள் வாடிக்கை வேறு கடைக்குப் போயிற்று.

2016-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி ஒருவரே கூடக் கம்பெனி பதிந்துகொள்ளலாம். மகனின் உழைப்புக்குச் சம்பளமா, பங்கா என்பதை வாப்பா இருக்கும்போதே, மற்றப் பிள்ளைகளும் அறிய, சாட்சிகள் முன்னிலையில் எழுதிவிடலாம்.